பலகையில் மகன்கள்

துக்கம் விலைக்கு வராது. துக்கத்தின் வேலைகள் விலைக்கு வருகின்றன: உடலைக் கழுவுவது, உடுத்துவது, பெட்டி செய்வது, குழி வெட்டுவது, சுமப்பது. செத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை இன்னொருவர் கூலி வாங்கிக்கொண்டு தீர்க்கலாமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு தொழிலின் உருவில் நின்றுகொண்டிருக்கிறது. அத்தொழிலைப் பெரும்பாலும் குடும்பங்களே நடத்தி வந்தன என்பது கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சிற்றூரில் சாவு வீட்டுக்குள்ளேயே நடந்தது. பெண்கள் உடலைக் கழுவி முன்னறையில் கிடத்தினார்கள். மேஜை நாற்காலி செய்த தச்சனே சவப்பெட்டியும் செய்தான். 1861-65 உள்நாட்டுப் போர் இதைக் கலைத்தது. தொலைவில் மாண்ட சிப்பாய்களை ஊருக்கு அனுப்ப, உடலைக் கெடாமல் வைக்கும் ரசாயன முறை பரவியது. 1865-ல் லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு ரயிலில் ஊர் ஊராகச் சென்றபோது நாடே அந்த வித்தையைக் கண்ணால் பார்த்தது. தச்சன் மெல்லச் சவ அடக்கக்காரன் ஆனான். 1882-ல் தொழிலுக்குத் தேசியச் சங்கம் வந்தது. சாவு முன்னறையை விட்டு அவன் வீட்டுக்குக் குடிபோயிற்று. கீழே பிணம், பல ஊர்களில் மாடியிலேயே குடும்பம். அந்த இடத்துக்கு 'இல்லம்' என்றே பெயர் வைத்தார்கள். மாடியில் வளர்ந்த பிள்ளை கீழே இறங்கி அப்பன் வேலையை எடுத்துக்கொண்டபோது பலகையில் 'அண்ட் சன்ஸ்' சேர்ந்தது.

1963-ல் ஜெஸ்ஸிகா மிட்ஃபோர்ட் 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்' நூலில் இத்தொழிலின் கணக்கைத் திறந்து காட்டினார். பேரம் பேசத் தெம்பில்லாத நேரம் பார்த்துப் பேரம் நடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். மறுக்க முடியாதது. 1984-ல் அமலுக்கு வந்த அரசு விதி, விலையைத் தனித்தனியாகப் பட்டியலிடச் சொன்னது. சட்டம் கேட்காதபோது உடலைப் பதப்படுத்துவது கட்டாயம் என்று சொல்வதைத் தடுத்தது. நல்ல விதி. ஆனால் விற்கப்படுவது பெட்டி மட்டும்தான் என்றால் பிரச்னை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

அப்பன் மகனுக்குக் கொடுத்தது எதை? வித்தையைக் கல்லூரியில் படிக்கலாம். கட்டடத்தைக் காசுக்கு வாங்கலாம். உன் தாத்தாவைப் புதைத்தவரின் பேரன் உன் அப்பாவைப் புதைக்கிறான். ஏமாற்றினால் நாளை அதே தெருவில் உன் முகத்தில் விழித்தாக வேண்டும். பதில் சொல்லியாக வேண்டிய இந்தக் கட்டுத்தான் அந்தப் பரம்பரையின் சொத்து. அதிலிருந்து நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கைக்கும் சந்தையில் விலை உண்டு. ஹூஸ்டனில் இப்படியொரு குடும்ப இல்லத்திலிருந்து வந்த ராபர்ட் வால்ட்ரிப் 1962-ல் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இண்டர்நேஷனல் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்கள் அதன் கையில். வாங்கிய இல்லங்கள் பலவற்றில் பழைய குடும்பப் பெயரை அப்படியே விட்டுவைத்தது. மகன்கள் போய்விட்டார்கள்; பலகை இருக்கிறது.

இத்தொழிலின் கௌரவம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 1955-ஐச் சொல்வேன். மிஸிஸிப்பியில் வெள்ளையர்கள் கொன்று ஆற்றில் எறிந்த பதினான்கு வயதுக் கறுப்புச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் சிகாகோவில் ரேய்னர் குடும்பத்தின் இல்லத்துக்கு வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படி எழுதிக் கொடுத்திருப்பதாக ரேய்னரும் சொன்னார். தாய் மேமி டில் இணங்கவில்லை. பெட்டி திறக்கப்பட்டது. மகனுக்குச் செய்ததை மறைக்க வேண்டாம், ஊர் பார்க்கட்டும் என்றார் தாய். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். 'ஜெட்' பத்திரிகையில் வந்த படத்தின் வழியே நாடு பார்த்தது. சிதைந்த முகத்தைத் தூங்கும் முகமாக ஆக்குவதுதான் இந்தத் தொழில் கற்றுத்தரும் திறமை. இங்கே திறமை ஒதுங்கி நின்றது. பிணம் யாருடையது என்ற கேள்விக்கு, எழுதிக் கொடுத்த காகிதத்தை மீறி, தாயுடையது என்று பதில் கிடைத்தது. கூலி வாங்கிக்கொண்டும் கடனைத் தீர்க்கலாம் என்பதற்கு எனக்கு இது போதும்.

இதை வைத்துப் பரம்பரையைப் போற்றிவிட முடியுமா? நம் வெட்டியானும் அப்பன் வேலையைத்தான் செய்கிறான். அவனுக்குப் பலகை கிடையாது. தலைமுறைகளாக அவன் நம் எல்லோருடைய தாத்தாவையும் எரித்திருக்கிறான். அந்த நினைவு அவனுக்கு மரியாதையைத் தரவில்லை, தீண்டாமையைத்தான் தந்தது. அவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் அவனுக்குப் பதில் சொன்னதே இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாத மகனிடம் வந்து சேரும் தொழிலுக்குப் பரம்பரை என்று பெயர் வைப்பது நாகரிகமான பொய்.

அமெரிக்க மகன் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. பலர் சொன்னார்கள். குடும்ப இல்லங்கள் கைமாறியதற்கு அதுவும் ஒரு காரணம். அவன் விட்டுப்போன இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்தது என்பதற்காக அவனை மறுபடியும் மாடியில் கொண்டுபோய் அடைக்க முடியாது. குடும்பத் தொழில் அழிகிறதே என்று வருந்துகிறவர்கள் இந்த விடுதலையையும் சேர்த்து வருந்துகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேமி டில் பணம் கொடுத்துத்தான் அந்த இல்லத்துக்குப் போனார். ஆனாலும் பெட்டி திறக்கும்போது கூட நின்றார். யாரோ ஒருவரின் மகன் தலையில் வேலையைக் கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊருக்கு, கம்பெனியை ஏசும் யோக்கியதை குறைவு.