சட்டைப்பையில் ஒரு பட்டகம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் ஒன்று உல்லாசப் பயணம் கிளம்பியது. அன்றிலிருந்து, "கப்பல்ல நாலு நாள் கிடந்துட்டு வந்தா கதை தானா வரும்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்குக் கூடிவிட்டார்கள். மணவூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கப்பல் கொஞ்சம் தூரம். நமக்கு உல்லாசம் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு, அரக்கோணம் வழியாகத் திருத்தணி மலைக்குப் போய்வருவதுதான். ஆனால் அந்த நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

1921இல் சி.வி. ராமன் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார்; உலகமும் ஒப்புக்கொண்டிருந்தது. ராமனிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியைத் தகுந்த கோணத்தில் வடிகட்டிவிடும் சிறு படிகக் கருவி அது. அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போன பிறகும் நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் ஒளியைச் சிதறடிப்பது தண்ணீரேதான். கப்பல் பம்பாய்க்கு வந்ததும் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. அந்தக் கப்பலில் வந்த அத்தனை பேரும் அதே நீலத்தைத்தான் பார்த்தார்கள். பட்டகம் வைத்திருந்தவர் ஒருவர்.

பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் கதையும் கப்பலில்தான் நடக்கிறது. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் வழியில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1940இல் படம் வெளிவந்தது. அவர் ஏற்கெனவே தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்திருந்தார் என்பதை விட்டுவிட்டு இதைச் சொல்லக் கூடாது.

நம் மலைக்கே வருவோம். முத்துசுவாமி தீட்சிதர் பல ஆண்டுகள் காசியில் குருவோடு இருந்துவிட்டு, மணலியில் இருந்த குடும்பத்திடம் திரும்பினார். பிறகு திருத்தணிக்கு வந்தார். கிழவர் உருவில் முருகன் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டதாகவும், உடனே 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்ததாகவும் மரபு சொல்கிறது. அதுவே அவருடைய முதல் கீர்த்தனை என்பார்கள். ராகம் மாயாமாளவகௌளை, சங்கீதம் கற்கும் குழந்தைகள் சரளி வரிசை பாடுகிற அதே ராகம். கற்கண்டை நான் நம்புகிறேனா என்பது இருக்கட்டும். அது விழுந்த நாவில் அப்பா ராமசுவாமி தீட்சிதரின் பாடமும், காசியில் காதில் விழுந்த இந்துஸ்தானி இசையும், வீணைப் பயிற்சியும் முன்பே குடியிருந்தன.

ஆகவே, வெறும் கையோடு கப்பல் ஏறினால் வெறும் கையோடுதான் இறங்க வேண்டும். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதைகளில் எங்குமே சாப்பாட்டுப் பையைத் தூக்கிவருகிற ஆள் கிடையாது. "ஒண்ணுக்கு வருதும்மா" என்று நடுப்படியில் நிற்கும் பிள்ளையும் கிடையாது. குடும்பத்தோடு போகிறவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, மலையானாலும் கப்பலானாலும் சமையலறை கூடவே வருகிறது. மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. அங்கே மூத்த திருப்பதிகம் பாடிய காரைக்காலம்மையார், கணவன் விலகிய பிறகு, உடலின் அழகையும் உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அந்த ஊருக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். பாடுவதற்கு ஒரு பெண் அவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு அவ்வளவு தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். உங்கள் வீட்டில் கோலநோட்டில் புதுப்புள்ளி போட்டுப் பார்க்கிற அக்கா இருக்கலாம், பழைய டைரியில் கவிதை எழுதி மூடிவைக்கிற அம்மா இருக்கலாம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு சாதாரண நாளில் அவர்களோடு மலைக்குப் போங்கள். நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். படி ஏறியதும் பையையும் பிள்ளையையும் நீங்கள் வாங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எழுந்து வரும்வரை கூப்பிடாமல் இருங்கள்.