கட்டிலருகே ஒரு கேள்வி

மரணம் நெருங்கிவிட்ட ஒருவரிடம் அதை மறைக்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வியை மருத்துவர்களை வைத்தே பெரும்பாலும் பேசிவந்திருக்கிறோம். ஆனால் சம்பளமோ பட்டமோ இல்லாமல் நோயாளியின் கட்டிலருகே வந்து உட்காரும் தன்னார்வலர் முன்னால்தான் அது தப்பிக்க வழியில்லாதபடி வந்து நிற்கிறது.

இதை நன்கறிந்த ஊர்கள் வடகேரளத்தில் இருக்கின்றன. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானோர் வலிதணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிவரை வரமுடியாமல் வீட்டிலேயே முடங்கியவர்களை எட்ட அக்கம்பக்கத்தாரின் துணை தேவைப்பட்டது. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் பயிற்சி பெற்று, நர்ஸோடு வீடுவீடாகப் போனார்கள். கடைகளில் உண்டியல் வைத்துப் பணம் சேர்த்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

நர்ஸ் புண்ணைக் கழுவுவார். நாற்றம் அடங்க மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுவார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டிய மார்ஃபின் எத்தனை நாளைக்கு வரும் என்று எண்ணிப் பார்ப்பார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும். தன்னார்வலர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பார். மகன் ஏதோ எடுக்க வெளியே போன சமயம் பார்த்து நோயாளி கேட்பார்: "எனக்கு இது சரியாயிடுமா?" வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டார் சொல்லி வைத்திருப்பார்கள்: "கேன்சர்னு அவருக்குத் தெரியாது. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

வீட்டாரைக் குறைசொல்வது எளிது, நியாயமில்லை. தெரிந்தால் மனம் உடைந்துபோவார், இருக்கிற நாளும் போய்விடும் என்ற பயம் பாசத்திலிருந்து வருவது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று சொன்ன வள்ளுவரையும் துணைக்கு அழைக்கலாம். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை கடினமானது. அந்த நன்மை யாருக்கு? அழுகையைப் பார்க்கத் தெம்பில்லாத நமக்கா, படுத்திருப்பவருக்கா?

படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் விஷயம் பாதி தெரிந்தே இருக்கும். இடுப்பில் நிற்காத வேட்டி சொல்லிவிடும். லீவு இல்லாத மாதத்தில் துபாயிலிருந்து வந்து நிற்கும் மகள் சொல்லிவிடுவாள். அவருக்குத் தெரியும் என்பது வீட்டாருக்குத் தெரியாது. வீட்டார் மறைப்பது அவருக்குத் தெரியும். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் சிரித்துக்காட்டிக்கொண்டிருக்க, அவர் தன் பயத்தோடு தனியே கிடப்பார். கொடுக்க வேண்டிய கடன், பிரிக்காத நிலம், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி என்று எதையும் வாய்திறந்து சொல்ல முடியாது. அவர் கையில் மிச்சமிருக்கும் காலம் அவருடையது. அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் வாய்ப்பையே இந்தப் பொய் பறித்துக்கொள்கிறது. அதனால்தான் "சீக்கிரம் எழுந்து நடப்பீங்க" என்று தன்னார்வலர் சொல்வது, எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் தவறு.

அதற்காக உண்மையைப் போட்டு உடைக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. நோயின் நிலையைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைத் தன்னார்வலர் சொல்லிவைத்தால், மறுநாள் எழும் நூறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. தெரிந்துகொள்ள விரும்பாத நோயாளிகளும் உண்டு. அதுவும் அவர்கள் உரிமைதான். அந்தக் கதவைத் தள்ளித் திறக்க எந்த நல்லெண்ணமும் அனுமதி ஆகாது.

இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "ஏன் அப்படிக் கேக்கறீங்க? உங்களுக்கு என்ன தோணுது?" என்று திரும்பக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. நோயாளிகளில் சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள், அத்தோடு விட்டுவிடலாம். சிலர் "அதிக நாள் இல்லன்னு தோணுது" என்பார்கள். அப்போது மறுக்காமல் இருப்பதே பெரிய உதவி. பிறகு "டாக்டரிடம் கேட்கலாமா, நானும் கூட இருக்கிறேன்" என்று சொல்லலாம். இதைக் கோழைத்தனமான நழுவல் என்பவர்கள் இருக்கலாம். ஆனால் நழுவுகிறவர் எழுந்து போய்விடுவார். இவர் உட்கார்ந்திருக்கிறார், கேட்ட கேள்வியை நர்ஸிடமும் மருத்துவரிடமும் கொண்டுசேர்க்கிறார், வீட்டாரைத் தனியே உட்காரவைத்துப் பேசுகிறார். சில வீடுகளில் இதற்கே நான்கைந்து தடவை போகவேண்டியிருக்கும்.

இன்னொரு கடமையும் உண்டு. தன்னார்வலர் அதே தெருக்காரர். கட்டிலருகே கேட்டது டீக்கடைவரை போய்விட்டால், அந்த வீட்டில் அடுத்த முறை யாரும் வாய்திறக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் கிடைத்த நம்பிக்கை, அதே காரணத்தால் ஒரே நாளில் போய்விடும்.

நோயாளி இருக்கும் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். "அவரிடம் சொல்லாதீர்கள்" என்று தன்னார்வலரிடம் கேட்டுக்கொள்ளும் முன், "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் யாரும் சொல்லப்போவதில்லை. வேண்டும் என்றால், அவரிடமிருந்து அதை மறைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.