பாலும் தகுதியும்

பசித்த உயிருக்கு உணவு தருமுன் அதன் தகுதியை ஆராய வேண்டுமோ என வினவினால், வேண்டுவதில்லை என்றே எவரும் விடையிறுப்பர். பிறந்த குழந்தையைப் பற்றியோ அவ்வாறு வினவுவதே பாவமெனக் கருதுவர். ஆயினும், பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர், "குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கக்கூடும், இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்று சொல்லிச் சென்ற அக்கணமே, ஒருவர் வாயாலும் சொல்லப்படாமல் அவ்வினா வீட்டிற்குள் நுழைந்துவிடுகின்றது. உறவினர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். "எத்தனை நாளைக்கோ!" என்கிறார் ஒருவர். "கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது" என்கிறார் மற்றொருவர். இவர்கள் கொடியவரல்லர்; பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்களே. இந்நல்லவர்களின் பேச்சையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண், இஃது யாதென அறிதல் வேண்டும். 1866ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில டாக்டர் இதன் குறிகளைத் தொகுத்தெழுதினார். அவர் அதற்கு இட்ட பெயர் மங்கோலிய மக்கள் அனைவரையும் இழிவுபடுத்துவதாயிருந்தது. மங்கோலிய நாட்டின் வேண்டுகோளின் பேரில் 1965இல் உலகச் சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது; நம்மில் சிலர் அதனை வசைச்சொல்லாக இன்னும் கைவிட்டபாடில்லை. காரணத்தை 1959இல் பாரிஸ் நகரில் ழெரோம் லெழேன் முதலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மனிதரின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருத்தல் இயல்பு. இக்குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு 21ஆம் எண்ணுக்குரியது ஒன்று மிகுந்து 47 ஆகின்றன. தாயின் வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்பும் ஏறுகின்றது. எனினும் இருபது வயதுத் தாய்க்கும் நேர்வதுண்டு. கிரகணத்தன்று அவள் வெளியே சென்றதாலோ, பப்பாளி தின்றதாலோ, முற்பிறவியில் எதையோ செய்ததாலோ வந்ததன்று. "எங்கள் வம்சத்தில் இல்லை" என்று இரு வீட்டாரும் மாறி மாறிச் சொல்வர். இரு வம்சத்திலும் இல்லாமலேயே பெரும்பாலும் இது வருகின்றது. ஆங்கிலம் படித்த நமக்கு இதன் பெயரை ஆங்கிலத்தில் உச்சரிப்பது எளிது. தோட்டத்துப் பாட்டி ஒருத்திக்குத் தமிழில் விளங்கச் சொல்வதற்கே மூச்சு வாங்குகின்றது.

நிற்க. இக்குழந்தைக்குப் பாலூட்டுவதிலுள்ள இடர் யாதெனின், அதன் தசைகள் தளர்ந்திருப்பதே. வாயின் உள்ளிடம் சிறிதாதலின் நாக்கு முன்னே தள்ளி நிற்கும். உதடு மார்பை இறுகப் பற்றாது. நான்கு மிடறு உறிஞ்சியதும் களைத்து உறங்கிவிடும். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு இருதயத்திலும் குறையிருப்பதால், பால் குடிப்பதே அவற்றிற்கு மலையேறுவதை ஒத்த வேலையாகின்றது. குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலும், மூச்சு இரைத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், அதனைச் சோம்பலென எண்ணாது டாக்டரிடம் காட்ட வேண்டும். பச்சை நிறமாக வாந்தியெடுத்தால் குடல் அடைபட்டிருக்கக்கூடும். அப்பொழுது வீட்டில் வைத்துக் கைவைத்தியம் பார்த்தல் கூடவே கூடாது.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. இக்குழந்தை பல வேளைகளில் பசித்தும் அழுவதில்லை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. தாயிடத்து மட்டுமன்றி ஆபீசிலும், சங்கத்திலும், சர்க்காரிடத்திலும் இப்பழமொழியைக் கொண்டே நாம் காலங்கழிக்கின்றோம். மனுச் செய்தவனுக்கு வீட்டுக் கூரை மாற்றப்படும். வாய் திறவாதவன் ஒழுகும் கூரையின் கீழ் இருப்பான். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும். கேட்பவனுக்குத் தருவதே நீதியென்றால், கேட்கவே வலியற்ற இக்குழந்தை என்ன செய்யும்? அது மூன்று மணி நேரம் அமைதியாக உறங்கினால், "சாதுவான பிள்ளை" என்று பாராட்டுவர். அந்தப் பாராட்டிலேயே அதன் எடை குறைந்துகொண்டிருக்கும். ஆகவே இங்கே தருபவரே கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டும். இரண்டு அல்லது மூன்று மணிக்கொரு முறை குழந்தையை எழுப்பி, துணி விலக்கி, பாதத்தைத் தடவி, தாயின் உடம்போடு சேர்த்து அணைத்து விழிக்கச் செய்தல் வேண்டும். தலையும் உடலும் ஒரே நேராக, சற்று நிமிர்ந்த நிலையில் பிடித்தல் வேண்டும். தாய் தன் மூன்று விரல்களால் மார்பைத் தாங்கி, கட்டை விரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் குழந்தையின் மோவாயையும் கன்னங்களையும் மெல்லத் தாங்கிக்கொடுத்தால், தளர்ந்த வாய்க்கு அது முட்டுக்கொடுத்தாற்போலாகும். போதாதபோது பாலைப் பீய்ச்சிச் சிறு கோப்பையாலோ கரண்டியாலோ புகட்டலாம். அதுவும் இயலாதபோது ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே மெல்லிய குழாய் இட்டு இரைப்பைக்குச் செலுத்துவர். குழாயைக் கண்டு, "எல்லாம் முடிந்தது" என்று கண்ணீர் விடுவோர் உளர். அது பெரும்பாலும் சிறிது காலத்திற்கே. சில வாரங்களில் தாயின் மார்பிலேயே குடிக்கத் தேறிய குழந்தைகள் பல. தாய்ப்பால் அமையாமல் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்த தாயைக் குறைகூறுதலும் தகாது.

இனி நாம் எழுதும் தொழிலுக்கேற்ற ஒரு கணக்கும் பார்ப்போம். ஒரு முறை பாலூட்ட 40 நிமிஷம். நாளொன்றுக்கு 8 முறை. ஆக 320 நிமிஷம். பால் வற்றாதிருக்க ஒவ்வொரு முறையும் பீய்ச்சி எடுக்க 20 நிமிஷம் வீதம் 160 நிமிஷம். கூட்டினால் 480 நிமிஷம், அதாவது 8 மணி நேரம். தோட்டத்தில் இதற்கு ஒரு முழுப் பேர் போடுவோம். கோப்பை கழுவுவதும், துணி மாற்றுவதும், கிளினிக்குக்கு அலைவதும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனையும் செய்பவளைப் பார்த்து, "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்கின்றனர்! மலேசியாவில் 2023ஆம் ஆண்டு முதல் பிரசவ விடுமுறை 98 நாட்கள். தகப்பனுக்கு 7 நாட்கள். அந்த 7 நாட்களையும் நண்பர்களுக்கு விருந்து வைத்துக் கழிப்போரை நாம் கண்டதுண்டு. பாலூட்டல் அறமென்று தாய்க்குப் போதித்துவிட்டு, அவ்வறத்தின் சுமை முழுவதையும் அவள் தோளிலேயே ஏற்றுவது அறமாகாது. பீய்ச்சிய பாலைப் புகட்டத் தகப்பன் கையும் போதும்; பாட்டன் கையும் போதும்.

மீண்டும் தகுதியைப் பற்றிய வினாவிற்கு வருவோம். அது வெறும் வீட்டுப் பேச்சோடு நின்றதன்று. 1980இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் இவ்வாறு பிறந்த குழந்தையொன்றைப் பெற்றோர் ஏற்கவில்லை. டாக்டர் மயக்கமருந்தெழுதி, பராமரிப்பு மட்டும் போதுமென்றார். பாலின்றி மூன்று நாட்களுக்குள் அது இறந்தது. 1981 நவம்பரில் ஜூரர்கள் டாக்டரை விடுவித்தனர். 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்து புளூமிங்டன் நகரில் பிறந்த குழந்தைக்கோ, உணவுக்குழாய் இரைப்பையோடு சேராதிருந்தது. அறுவை செய்தாலன்றிப் பால் உட்செல்லாது. பெற்றோர் அதற்கு இசையவில்லை. நீதிமன்றங்களும் தலையிட மறுத்தன. ஆறாம் நாள் குழந்தை இறந்தது. அதன் பின்னரே, 1984இல், இத்தகைய குழந்தைகளுக்கு உணவும் நீரும் மறுத்தலைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது.

"நாங்கள் கொல்லவில்லை, சிகிச்சை வேண்டாமென்றோம், அவ்வளவே" என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. எவ்வுணவையும் உடல் ஏலாது, எவ்வறுவையாலும் பிழையாது, மரணத் தறுவாயிலுள்ள குழந்தைக்குக் குழாயிட்டு வதைத்தல் வேண்டாவென டாக்டரும் பெற்றோரும் முடிவு செய்வதுண்டு; அதிற் பிழை காண நாம் துணியோம். ஆனால் புளூமிங்டன் குழந்தைக்கு அந்த ஒரு குரோமோசோம் மிகாதிருந்து, அதே உணவுக்குழாய்க் குறை மட்டும் இருந்திருந்தால் அறுவை செய்திருப்பார்களன்றோ? அப்படியாயின் மறுக்கப்பட்டது அறுவையின் கடுமை கருதியன்று. பிள்ளை இன்னாரென்பது கருதியே. இவ்வகைத் தகுதி பார்த்தல் நமக்கும் அந்நியமன்று. பெண்ணாய்ப் பிறந்தமைக்காகக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை தமிழ்நாட்டின் சில பகுதிகளில் நடந்ததும், அதனைத் தடுக்க அங்கே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததும் யாவரும் அறிந்தவையே. பெண்ணுக்கு ஒரு தராசு, இக்குழந்தைக்கு வேறொரு தராசு என்பார் அதனை விளக்கட்டும்.

"வளர்ந்து என்ன செய்யப்போகிறது?" என்பார்க்கு, அமெரிக்காவில் இத்தகையோரின் சராசரி ஆயுள் 1983இல் சுமார் 25 ஆண்டுகளாயிருந்து இந்நாளில் 60ஐ எட்டியுள்ளதென்றும், பள்ளி செல்வோரும் வேலை பார்ப்போரும் பலரென்றும் விடை கூறலாம். அவ்விடை உண்மையே. எனினும் அதை மட்டும் நம்பி நாம் வாதாடுவதற்கில்லை. நாளை ஒரு பிள்ளை பேசவும் நடக்கவும் மிகத் தாமதித்தால், அன்று நம் வாதம் என்னாவது? முற்காலத்தில் கங்காணி ஆளுக்கு முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றி, பின் உழைப்பில் பிடித்துக்கொண்டதை நம் பாட்டனார்கள் அனுபவித்தார்கள். தாய் தரும் பால் அவ்வகை முன்பணமன்று. அதற்கு எதிரே பற்றெழுத நமது பேரேட்டில் இடமுமில்லை.

நம் தோட்டத்தில் ஈராண்டுகளுக்கு முன் இவ்வாறு ஒரு குழந்தை பிறந்தது. முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் யாருடைய வம்சமென்று விசாரித்துப் போனார்கள். இரண்டாம் வாரத்தில் ஆயாக் கொட்டகையில் முன்பு வேலை பார்த்த பாட்டி ஒருத்தி வந்தாள். அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "எத்தனை மணிக்கம்மா அடுத்த பால்?" என்று கேட்டுவிட்டு, தாயைப் படுக்கச் சொல்லி, கரண்டியையும் கோப்பையையும் சுடுநீரில் போட்டாள்.