தெரிந்த கதைக்கு விடிய விடிய விழித்திருப்பது

பங்குனி பிறந்துவிட்டால் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சுவர்களில் திரௌபதி அம்மன் கோயில் சுவரொட்டிகள் ஏறத் தொடங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவு வாரியாகப் பட்டியல் இருக்கும். சில ஊர்களில் பத்து நாள், சில ஊர்களில் பதினெட்டு நாள். பட்டியலில் ஒன்றிரண்டு கூடும் குறையும், கதை மாறாது. அறுவடை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடும் காலம் அது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் சென்னையின் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள் லீவு சொல்லிவிட்டு ஊர் திரும்புவார்கள். ஆடி மாதம் வரை நீளும் இதுதான் வடதமிழ்நாட்டின் விடுமுறை நாடகப் பருவம்.

சபா நாடகமும் நவீன நாடகமும் பார்த்து எழுதிப் பழகிய விமர்சகர் இந்தக் கூத்துக் களரிக்கு வந்து உட்காரும்போது அவருடைய வழக்கமான கேள்விகளில் பாதி பயன்படாமல் போகின்றன. கதை புதியதா? திருப்பம் எங்கே வருகிறது? முடிவு நம்பும்படி இருக்கிறதா? இங்கே முன்வரிசையில் கோணியை விரித்துப் படுத்திருக்கும் எட்டு வயதுப் பையனுக்கே அபிமன்யு திரும்பி வரமாட்டான் என்பது தெரியும். கர்ணனின் சாவு சுவரொட்டியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு ஊர் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடியும்வரை விழித்திருக்கிறது, அதுவும் ஆண்டுதோறும். எதற்காக?

பக்திதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. காப்புக் கட்டியவர்கள் விரதம் இருக்கிறார்கள், கடைசி நாளில் தீ மிதிக்கிறார்கள். ஆனால் கற்பூரம் ஏற்றி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும் பக்தி குறைந்துவிடாது. அதிகாலை நான்கு மணிக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்களில் நேர்த்திக்கடன் ஏதும் இல்லாதவர்கள் ஏராளம். அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒரு வேஷம் களத்துக்குள் வரும் விதத்தைக் கவனித்தால் விடையின் ஒரு முனை கிடைக்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் அதன் பின்னால் நின்று பாடுவான். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். சலங்கை கீழே ஒலிக்கும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாட, முகவீணை சுருதியை இழுத்துப் பிடிக்க, மத்தளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றும். கட்டியங்காரன் வருபவரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே கேலியும் பண்ணுவான். திரை உடனே விலகாது. வரப்போவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் இன்றைக்கு எப்படி வருவார் என்பதற்காகத்தான் அத்தனை கண்களும் திரைமேல் இருக்கின்றன. கட்டைவேஷம் என்பது லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொன்றும் லேசானாலும் மொத்தமாகக் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுழன்று ஆடி, மூச்சு வாங்காமல் அடுத்த பாட்டை உச்சத்தில் எடுப்பது எளிய வேலை இல்லை. நள்ளிரவில் எடுத்த சுருதி விடியற்காலையிலும் நிற்கிறதா என்பதில் ஒரு கலைஞரின் பல ஆண்டு உழைப்பு தெரிந்துவிடும்.

இதை ஊர்க்காரர்களிடம் விமர்சகர் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை டீக்கடைப் பெஞ்சில் கேட்டால் போதும். “போன வருஷக் கர்ணனுக்குக் கொரல் இருந்துது. இவுரு ஆட்டம் பரவால்ல, பாட்டுதான் ஏறல” என்று ஒரே மூச்சில் தீர்ப்பு வந்துவிடும். முப்பது நாற்பது கர்ணர்களைப் பார்த்த கண்கள் அவை. கதை தெரிந்திருப்பதால்தான் அவர்களால் அவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லாதபோது கவனம் முழுவதும் குரலுக்கும் அடவுக்கும் கர்ணனின் மனைவி பொன்னுருவியின் ஒரு பார்வைக்கும் போய்விடுகிறது.

ஆனால் சில இடங்களில் விமர்சகரின் பேனா தயங்கும். அர்ச்சுனன் தபசு அப்படிப்பட்ட இரவு. பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அர்ச்சுனன், உயரமான தபசு மரத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே, குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் திருநீற்றுக்கும் மடியேந்தக் காத்திருக்கிறார்கள். துகிலுரிதலும் இப்படித்தான். துச்சாதனன் வேஷக்காரர் அந்தக் காட்சிக்கு முன் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். ஒரு பெண்ணின் வேண்டுதல் தொங்கிக்கொண்டிருக்கும் மரத்தின் கீழே நின்றுகொண்டு, மேலே பாடுபவருக்குச் சுருதி விலகியது என்று எழுதலாமா?

எழுதத்தான் வேண்டும். மரத்தில் ஏறும் அந்தக் கலைஞர் அதற்காகவே பாட்டுப் பழகியவர். பல ஆண்டு பின்பாட்டுப் பாடி, சிறிய வேஷங்கள் கட்டி, ஜமா என்னும் கூத்துக் குழுவின் வாத்தியார் ஒருநாள் தலையசைத்த பிறகே அர்ச்சுனனை அடைந்தவர். பெண் வேஷம் கட்டும் ஒரு கலைஞன் அர்ச்சுனன் வேஷத்துக்காக ஏங்குவதை 2024-இல் வந்த ‘ஜமா’ திரைப்படம் காட்டியது. அந்த ஏக்கத்துக்குள் இருப்பது தொழில் பெருமை. அவருடைய பாட்டை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவைத்து நல்லது கெட்டது பார்க்காமல் விடுவது மரியாதை போலத் தோன்றலாம். உண்மையில் அவருடைய உழைப்பை அது கண்டுகொள்ளவே இல்லை.

நவீன நாடகக்காரர்கள் சிலர் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1977-இல் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போனது, பழைய கலை ஒன்றுக்கு அனுதாபம் சொல்வதற்காக இல்லை. உடலையும் குரலையும் வைத்து ஒரு வெற்றுத் தரையை எப்படி அரசவையாக்குவது என்று கற்றுக்கொள்ளப் போனார். பின்னாளில் பாரிஸில் அரியான் முனூஷ்கினின் தியேத்தர் து சொலெய் குழு 2016-இல் மேடையேற்றிய நாடகத்தில் தெருக்கூத்துப் பகுதிகள் இடம்பெற்றன. அக்குழுவின் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் புரிசை சம்பந்தத் தம்பிரான். கர்ணனையும் திரௌபதியையும் முன்பின் அறியாத பார்வையாளர்கள் முன்னாலும் அந்த ஆட்டம் நின்றது என்றால், அது ஆட்டத்தின் பலம்.

புரிசையிலோ பக்கத்து ஊரிலோ அதே கர்ண மோட்சத்தைப் பார்ப்பவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. அது பாரிஸில் கிடைக்காது. ஒரே கூத்தை ஒரே தெருவில் வாழ்நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு, கூத்து மாறாமல் நிற்க, தான் மாறிப்போனது தெரியும். பையனாக இருந்தபோது போர்க்களமும் வாள்வீச்சும்தான் கூத்து. கர்ணனும் பொன்னுருவியும் பேசும் நீண்ட காட்சியில் தூங்கிவிடுவான். கல்யாணமாகிச் சில வருஷங்கள் போன பிறகு அந்தக் காட்சியில்தான் தூக்கம் கலையும். பிறப்பைச் சொல்லிக் கணவனைத் தாழ்த்திய மனைவி, அவன் சாகப் போகும் நேரத்தில் தடுமாறுவது அப்போது வேறாகக் கேட்கும். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய வயதில் குந்தியின் ஒப்பாரி தாங்க முடியாததாகிவிடும். இந்தப் பகுதிகளில் துக்கக் காரியத்தின்போது கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் இருப்பதால், திருவிழா இரவிலும் சிலர் அந்தப் பாட்டில் தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்துக் கேட்கிறார்கள். புதுமையைத் தேடி அலைபவருக்கு இந்த அளவுகோல் கிடைப்பதில்லை. மாறாத ஒன்றின் முன்னால் ஆண்டுக்கொருமுறை போய் உட்கார்வதும் வாழ்க்கைக்குத் தேவைதான் என்று இந்த விமர்சகர் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்.

மாறாதது என்று சொன்னாலும், சுற்றியுள்ளவை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பொதுவெளியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். திருவிழாக்களுக்கு ஆண்டில் அதிகபட்சம் பதினைந்து நாள், நள்ளிரவு வரை மட்டும் அரசு தளர்த்தலாம். கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு. ஆகவே ஒவ்வொரு விழாவும் உள்ளூர் அதிகாரிகளின் மனசைப் பொறுத்தே நடக்கிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்தது. அடுத்த ஆண்டு சித்திரை பிறக்கும் வேளையில் திருவிழாக்கள் மறுபடியும் நிறுத்தப்பட்டன. சில மாத வருமானத்தை வைத்து வருஷத்தை ஓட்டும் கலைஞர்களுக்கு அது எத்தனை பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை.

ஒலிவாங்கியால் வேறொரு தொல்லை. களத்தின் நடுவில் நிற்கும் மைக்கை விட்டு விலகினால் பாட்டு கேட்காது என்பதால், சுழன்று ஆட வேண்டிய வேஷங்கள் ஒரே இடத்தில் நின்று பாடப் பழகிவிட்டன. எல்லா இடத்திலும் இல்லை என்றாலும் பல இடங்களில். இது கூத்துக்கு நல்லதில்லை. கட்டியங்காரனின் ஆபாச வசனம் கைதட்டல் வாங்குகிறது என்பதற்காகத் துகிலுரிதலுக்கு முந்தைய கணம்வரை அதை இழுப்பதும் நல்லதில்லை. மாறாக, பெண்கள் வேஷம் கட்டி வந்திருப்பது நல்ல மாற்றம். பெருங்கட்டூர் ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த களத்தில் பெண்ணே திரௌபதியாக நிற்கும்போது சபதக் காட்சிக்கு வேறொரு கூர்மை வருகிறது.

இவற்றையெல்லாம் எழுதுவதற்குப் பதில், பத்திரிகைகளில் கூத்தைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பாட்டைப் பாடுகின்றன: அழிந்துவரும் கிராமியக் கலை, புறக்கணிக்கப்பட்ட கலைஞர்கள், அரசு கவனிக்குமா? அக்கறையோடு எழுதப்பட்டவைதான். ஆனால் அன்றிரவு கர்ணன் யார், பொன்னுருவி யார், முகவீணை வாசித்தவர் யார், பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு வரி அவற்றில் இருக்காது. படத்தின் கீழே ‘தெருக்கூத்துக் கலைஞர்’ என்று மட்டும் அச்சாகியிருக்கும். சென்னையில் இரண்டு மணிநேர நாடகத்துக்கு ஒளியமைத்தவரின் பெயர்வரை அச்சிடும் ஒரு பக்கம், பத்து இரவு ஆடியவரின் பெயரைக் கேட்பதில்லை.

இந்தப் பருவத்திலிருந்தாவது விமர்சகர் ஒரு ஊரைத் தேர்ந்துகொண்டு அங்கே எல்லா இரவுகளும் இருக்க வேண்டும். காப்புக் கட்டுவதிலிருந்து, தரையில் மண்ணால் கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி நடக்கும் படுகளம்வரை. அந்த உருவத்தின் மண்ணை மக்கள் அள்ளிப்போன பிறகு வாத்தியாரிடம் உட்கார்ந்து வேஷக்காரர்கள், பின்பாட்டுக்காரர்கள், மத்தளக்காரர், திரை பிடித்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எந்த இரவு நின்றது, எந்த இரவு தளர்ந்தது, கர்ணனுக்குப் பாட்டு ஏறியதா இல்லையா என்று பெயரோடு எழுத வேண்டும். அடுத்த பங்குனியில் அதே ஊருக்குத் திரும்பப் போகும்போது டீக்கடையில் அதற்குப் பதில் சொல்ல ஆட்கள் இருப்பார்கள்.