கடன் கொடுத்தோரும் கணக்குக் கேட்போரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்துள்ள நெல்வயற் பரப்பைப் படுவான்கரை என்றும், கிழக்கே கடலோரமாக நீளும் நிலத்தை எழுவான்கரை என்றும் வழங்குதல் எம்மவர் மரபு. மண்முனைத் துறையில் இவ்விரு கரைகளையும் நெடுங்காலம் இணைத்து நின்றது ‘பாதை’ என நாம் அழைக்கும் மிதவையாகும். 2014 ஆம் ஆண்டு அவ்விடத்திற் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், கல்லடியில் 1924 முதல் நின்ற பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதியதொரு பாலம் எழுந்தது. இரண்டும் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்டவை. படுவான்கரையின் நோயாளியும் மாணவனும் நள்ளிரவிலும் வாவியைக் கடக்க முடிகின்றதெனின், அது சிறு நன்மையன்று. ஆயினும், ‘உதவி’ என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மீளக் கேளாத நன்கொடையும், வட்டியுடன் மீளக் கேட்கும் கடனும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. பாலத்தின்மேல் நடந்து செல்பவன் தான் நடப்பது எதன்மீது என்பதை அறிவதில்லை. அறிந்திருக்க வேண்டுமா? அதை அவனுக்கு யார் சொல்ல வேண்டும்? இக்கட்டுரை ஆராய முனைவது இவ்வினாவையே.

வளர்முக நாடொன்றுக்குப் பொருள் வழங்குவோர் தம் கவலைகளையும் உடன்கொண்டே வருகின்றனர். பணம் உரிய வழியிற் செலவாகுமா, ஊழலில் மறையுமா, குறித்த தவணையில் மீளுமா என்பன அவர்தம் வினாக்கள். இவற்றுக்கு எம்மிடையே இருவகை மறுமொழிகள் வழக்கிலுள்ளன. அந்நியர் நிபந்தனை விதிப்பது நாட்டின் இறைமைக்கு இழுக்கு என்பர் ஒரு சாரார். பணம் தருபவன் கேட்கத்தானே செய்வான் என்பர் மறுசாரார். இவ்விரண்டும் முழுமையான விடைகளல்ல என்பதே எனது கருத்து.

முதலில், உதவுவோரின் கவலைகள் யாவும் ஒரே அறத் தகுதி உடையனவல்ல என்பது மனங்கொளத்தக்கது. 1963 இல் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. தேசிய மயமாக்கப்பட்ட எண்ணெய்க் கம்பனிகளுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை என்பதே காரணம். 1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை மேற்கொள்ளப்பட்டபோது, அரசின் மானியச் செலவு பற்றிய கவலை மேலோங்கியது. 1979 இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. 2003 இல் தோக்கியோவிற் கூடிய நாடுகளும் நிறுவனங்களும் ஏறத்தாழ 450 கோடி டொலரை வாக்களித்து, அதனைச் சமாதான முயற்சியின் முன்னேற்றத்தோடு பிணைத்தன. முதலாவது கவலை வழங்குவோனின் நாட்டுக் கம்பனிகளைக் காப்பது; இரண்டாவது கருவூலத்தைக் காப்பது; மூன்றாவது, நிறைவேறியிருப்பின், எம் உயிர்களைக் காத்திருக்கக் கூடியது. ஆதலால், நிபந்தனை என்ற அளவிலேயே ஒன்றை ஏற்பதும் தள்ளுவதும் பொருந்தா. அது யாருடைய நன்மையைக் காக்கின்றது என்பதே உரைகல்.

இனி, இறைமை பற்றிய வாதத்தை நோக்குவோம். 2019 இன் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளிற் போலத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டது. இவை கடன் கொடுத்தோர் எவரும் எம்மீது சுமத்திய முடிவுகளல்ல. எம் நாட்டிலேயே எடுக்கப்பட்டவை. ஆயினும், உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் விவசாயியை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. மஞ்சளித்து நின்ற பயிருக்கு, அம்முடிவு உள்நாட்டிலே பிறந்தது என்பது என்ன ஆறுதலை அளித்தது? சொந்த மக்களிடம் கணக்குக் கொடாத இறைமை, ஆள்வோரின் இறைமையேயன்றி மக்களின் இறைமை ஆகாது.

பணம் தருபவன் கேட்பான் என்னும் வாதமும் இத்தகைய குறையுடையதே. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. இதற்கிடையே, 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. எங்கள் கரையில் இயந்திரப் படகுகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடந்ததைக் கண்டவன் நான். கடலுக்குப் போகாத வீட்டில் உலை தாமதமாகவே ஏறும். அப்படகுகளின் சொந்தக்காரர் எவரும் பன்னாட்டுக் கடன் முறிகளில் ஒப்பமிட்டவரல்லர். அவ்வாறு பெறப்பட்ட பணம் எங்கே போயிற்று என வினாவும் வாய்ப்பும் அவர்களுக்கு இருந்ததில்லை. ஒப்பமிட்டவன் ஒருவன், பயன்பெற்றவன் வேறொருவன், இறுப்பவன் மூன்றாமவன் என்றால், அக்கடனின் நீதி கேள்விக்குரியதாகின்றது. வருமானம் எவ்வளவு உயர வேண்டும் எனக் கேட்கக் கடன் கொடுத்தோருக்கு நியாயம் இருக்கலாம். அதனை யாரிடமிருந்து எவ்விகிதத்திற் பெறுவது என்பது கணக்கியல் வினாவன்று, அற வினா. அதற்கான விடையை எம்மவரே எம்மிடம் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர்.

இவ்விடத்திற் கல்லோயாவின் கதை எமக்குப் பாடமாகும். அம்பாறை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1949 இல் தொடங்கிய அத்திட்டம் ஏக்கர்களையும் விளைச்சலையும் எண்ணியதே தவிர, அயலில் வாழ்ந்த தமிழ், முஸ்லிம் மக்களின் அச்சத்தை எண்ணவில்லை. 1956 இல் அங்கு தமிழருக்கு எதிரான வன்முறையும் நிகழ்ந்தது. பின்னர், 1979 முதல் அமெரிக்க உதவியுடன் இடதுகரை வாய்க்கால்கள் சீரமைக்கப்பட்டபோது, தொழிலின்றியிருந்த பட்டதாரிகள் அமைப்பாளர்களாக வயல்வெளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கட்டளையிடவில்லை, விவசாயிகளைக் கூடிப் பேசவைத்தனர். 1981 இல் நீர் மிகக் குறைந்திருந்த வேளையில் விவசாயிகள் தாமே வாய்க்கால் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பகுதியிலிருந்த சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் கடைப்பகுதியின் தமிழ் பேசும் விவசாயிகளையும் சென்றடைந்தது. பணமும் எண்ணமும் வெளியிலிருந்து வந்தன என்பது உண்மை. ஆனால், சேற்றில் நிற்பவர்கள் தமக்குள் கணக்குக் கேட்டுக்கொண்ட பின்னரே நீர் கடைசி வயல்வரை ஓடியது.

அங்ஙனமாயின் வெளியாரின் வினாக்கள் பயனற்றனவா? அல்ல. நாணய நிதியத்தின் ஆட்சிமுறை பற்றிய ஆய்வறிக்கை 2023 இல் வெளியாகி, எம் நிறுவனங்களின் ஓட்டைகளைப் பகிரங்கப்படுத்தியது. அது எமக்கும் உதவியே. எனினும், கடன் கொடுத்தவனுக்காகத் திறக்கப்படும் ஏடு அவன் கடன் தீர்ந்ததும் மூடப்படலாம். மக்களுக்காகத் திறக்கப்படும் ஏட்டுக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு ஒரு வாயில். 2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளைத் தொடுத்தவர்களுள் இந்நாட்டின் குடிமக்கள் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

தமிழிற் ‘கடன்’ என்னும் சொல் இறுக்க வேண்டிய பொருளையும் ஆற்ற வேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். 1945 முதல் நிலைபெற்ற இலவசக் கல்வியாற் பல்கலைக்கழகம் வரை வந்துள்ள நாம், இரு பொருளிலும் கடன்பட்டவர்கள். முன்னோர் பெற்ற கடனை எம் தலைமுறை வரியாக இறுக்கும். மற்றக் கடனோ, அக்கணக்கைக் கற்று, எளிய தமிழில் எம் ஊரவர்க்கு எடுத்துரைப்பது. போகந்தோறும் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, எந்த வட்டைக்கு எப்போது திறப்பீர்கள் என அதிகாரியை நேர்நின்று கேட்கும் விவசாயியை நாம் அறிவோம். அதே குரலில் நாட்டின் கருவூலத்தைப் பற்றியும் அவன் கேட்கும் நாளில், கடன் கொடுத்தோரின் கவலைகளுக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றை அவன் முன்னரே கேட்டு முடித்திருப்பான்.