பொருள் வரைதலும் ஒரு பழைய காரும்

2024 ஆம் ஆண்டு மகாவீரர் ஜெயந்தியன்று, ஜினாலயத்தில் அபிஷேகம் நிறைவுற்றுப் பந்தியில் அமர்ந்திருந்தபோது, உறவினரான மூதாட்டி ஒருவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உன் சின்ன மகன் சீமையில் இரண்டே பேர் உட்காரும் ஒரு பழைய காருக்குச் சம்பாத்தியத்தைக் கொட்டுகிறானாமே! மிகுபொருள் விரும்பாமையை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். உன் பிள்ளைக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளியில் வினாக்களுக்கு விடை கூறிய எனக்கு அன்று விடை வரவில்லை. பாயசம் நன்றாக இருக்கிறது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவ்வினாவைப் பற்றிப் பின்னர் எண்ணிப் பார்த்ததையே இங்கு அன்பர்கள்முன் வைக்கிறேன்.

என் மகன் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறான். 2021 இல் அவன் வாங்கியது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை அதே கவென்ட்ரியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியானது. அவனுடையது 1977 இல் வெளிவந்தது. உலகப்போரில் பறந்த ஒரு போர் விமானத்தின் பெயரே இதற்கும் பெயர். நெருப்பை உமிழ்வது என்று பொருளாம். அப்பெயர் எனக்கு இன்றளவும் உவப்பாயில்லை. ஆனால் அந்த வண்டியின் எலும்புக்கூடு நமக்கு அயலானதன்று. 1960களில் நம் சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். என் தமையனார் ஒரு பழைய ஹெரால்டு வைத்திருந்தார். ஞாயிறுதோறும் பானெட்டை முன்புறமாகக் கவிழ்த்துவிட்டு, முன்சக்கர மூட்டுகளுக்கு அவர் எண்ணெய் விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மகனின் ஷெட்டில் அதே விதமாகப் பானெட் கவிழ்ந்து நின்றதைக் கண்டபோது, மறைந்த அண்ணனையே கண்டதுபோல் ஆயிற்று. ஆகவே இவ்விஷயத்தில் நான் நடுநிலையாளர் அல்லள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2023 மே மாதம் முதல் அக்டோபர் வரை அவனோடு தங்கியிருந்தேன். வந்த மறுநாளே அவன் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். அதன் முதல் பக்கத்தில், வண்டியின் விலையான 1,400 பவுண்டும் உட்பட மொத்தம் 4,000 பவுண்டு. அதற்குமேல் ஒரு பென்னியும் இல்லை. வண்டியிலிருந்து கழற்றி விற்பதை மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தான். வீட்டுக் கடனும் குழந்தையின் செலவும் போக அவனால் ஒதுக்க முடிந்தது அவ்வளவே.

பணம் குறைவு என்பதால் கை வளர்ந்தது. மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் கற்றான். தேய்ந்த ஸ்டார்ட்டரைத் தூக்கி எறியாமல் பிரித்துச் செப்பனிட்டான். 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டில் சாதாரண பெட்ரோலில் எத்தனாலின் பங்கைப் பத்து விழுக்காடு வரை உயர்த்திவிட்டார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால், அவற்றை மட்டும் தயங்காமல் புதிதாக வாங்கி மாற்றினான். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் கைத்தொழில் ஒரு பாடமாக இருந்தது. கை அறியாததை மூளை அறிந்ததாகச் சொல்லாதே என்பார் எங்கள் பயிற்சி ஆசிரியை. அவர் என் மகனைப் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் அளித்திருப்பார்.

ஆனால் மூதாட்டியின் கேள்வி கைத்திறனைப் பற்றியதன்று, பற்றைப் பற்றியது. உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகம் இன்னதென விளக்கும்போது பொருளைச் சுட்டவில்லை, உள்ளத்தின் மயக்கத்தையே சுட்டினார். அதனால்தான் இல்லறத்தாருக்கு அணுவிரதமாகப் பொருள் வரைதல் விதிக்கப்பட்டது. முற்றத் துறக்க இயலாதவன் ஓர் எல்லையாவது இட்டுக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. இதனை வகுப்பில் சொல்வது எளிது. ஒருமுறை தசலட்சண பர்வ நாட்களில், பன்னிரண்டு புடவைகளுக்குமேல் வைத்துக்கொள்வதில்லை என்று நான் விரதம் ஏற்றேன். அடுத்த தீபாவளிக்குள் பெட்டியில் பத்தொன்பது இருந்தன. பரிசாக வந்தவை கணக்கில் சேரா என்று எனக்கு நானே சலுகை வழங்கிக்கொண்டேன். விலக்கைப் பின்னால் எழுதியவள் நான். மகனோ தன் விலக்கை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டான்.

நம் வீடுகளில் இளமையில் பொருள் குறைவாக இருந்ததையே நாம் விரதம் என்று எண்ணிப் பெருமை கொள்வதும் உண்டு. என் தந்தையார் வீட்டில் இரண்டு பித்தளைக் குடங்களே இருந்தன. மூன்றாவதை வாங்கப் பணமில்லை, அதுதான் காரணம். மகனுடைய 4,000 பவுண்டும் அப்படிப்பட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்தது தவறு என்பது ஜூலை மாதம் தெரிந்தது.

இந்த வண்டியில் கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை பெட்டி போல் ஒரு தகடு ஓடுகிறது. உள்ளே ஒன்று, நடுவே ஒன்று, வெளியே ஒன்று என மூன்று அடுக்கு. ஹெரால்டின் சேஸிஸில் பக்கவாட்டுச் சட்டங்கள் இருந்தன. ஸ்பிட்ஃபயரில் அவை இல்லாமையால் வண்டி நடுவில் வளையாதபடி தாங்குவதில் பெரும்பங்கு இத்தகட்டுக்கே உரியது. வெளிப்பார்வைக்குப் பளபளவென்றிருந்த அந்த இடத்தில் மகன் ஒரு காந்தத்தை வைத்தான். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்தது. அதன் பின்னே கசக்கித் திணித்த செய்தித்தாள், அதற்கும் பின்னே துருத்தூள். அவனுக்கு முன் வைத்திருந்த யாரோ ஒருவர் இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் காகிதத்தை அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்.

இரு பக்கமும் தகடு மாற்ற 700 பவுண்டு ஆகும் என்று கணக்கிட்டான். அதற்குள் 3,650 செலவாகியிருந்தது. அவன் கருவிகளைத் துடைத்து வைத்தான், வண்டிமேல் துணியைப் போர்த்தினான். அவ்வளவுதான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து தருகிறேன் என்றேன். "வேண்டாம் அம்மா. வெளியிலிருந்து பணம் வந்தால் கோட்டை அழித்துவிடலாம் என்றால், அந்தக் கோட்டை நான் போட்டே இருக்கவேண்டாம்" என்றான். தாய் வெளியாள் ஆகிவிட்டாளா என்று எனக்கு மனத்தாங்கல். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் சொன்னதை எழுதுவதற்குத்தான் இக்கட்டுரையில் எனக்கு மிகுந்த துணிவு வேண்டியிருக்கிறது. "இருந்தபடியே மூடிப் பெயிண்ட் அடித்து விற்றுவிடேன். நீ வாங்கியபோது உனக்கு யாராவது சொன்னார்களா? இங்கே பழைய வண்டிக்குச் சோதனைகூட இல்லை என்றாயே" என்றேன். நான் கூறிய சட்டம் உண்மைதான். 2018 மே முதல் அந்நாட்டில், 40 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரைச் சேர்ந்தது. பார்ப்பவர் எவருமில்லாத அந்த இடத்தைத்தான், வாய்மையைப் பாடமாக நடத்திய நான் வழியாகக் காட்டினேன்.

மகன் கோபப்படவில்லை. "வாங்குகிறவர் பக்கத்து இருக்கையில் தம் குழந்தையை உட்காரவைப்பாரே அம்மா" என்று மட்டும் கூறினான்.

பொய்யாமை நாவைக் காப்பது என்றே இத்தனை ஆண்டுகள் கற்பித்து வந்தேன். ஒரு சொல்லும் பேசாமல், ஒரு டப்பா பட்டியால் பொய் சொல்ல முடியும். அப்பொய் உயிரையும் கொல்ல முடியும் என்பது அந்த ஷெட்டில்தான் எனக்குப் புலப்பட்டது. நான் கொடுக்க முன்வந்த பணத்துக்கும் பின்னர் சொன்ன யோசனைக்கும் வேர் ஒன்றே என்பதையும் அன்றிரவு உணர்ந்தேன். வண்டி முடிந்து நிற்பதை ஊருக்குத் திரும்புமுன் கண்ணால் காணவேண்டும் என்ற என் ஆசைதான் அது. மூதாட்டி சொன்ன மயக்கம் அந்த வீட்டில் இருந்தது உண்மை. அது மகனிடம் இருந்ததைவிட என்னிடம் மிகுதியாக இருந்தது.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. முன்பு வைத்திருந்தவர் வண்டியில் தோல் இருக்கைகளைப் பொருத்தியிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த துணி இருக்கைகள் கிழிந்த நிலையில் வண்டியோடு கிடைத்திருந்தன. தோலின்மேல் உட்கார விரும்பாத மகன் அவற்றை முதல் வாரமே கழற்றி மூலையில் வைத்திருந்தான். இப்போது ஒருவர் அவற்றை 400 பவுண்டுக்குக் கேட்டார். தோல் வாணிபம் சிராவகருக்கு ஆகாது என்றேன் நான். விலங்கு எப்போதோ மாண்டது, குப்பையில் எறிந்தால் இவர் புதுத்தோல் வாங்குவார், அது இன்னொரு விலங்கு என்றான் அவன். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. விற்றான். அப்பணம் இரும்பாயிற்று. அது சரிதானா என்பதில் எனக்கு இன்னமும் முழுச் சமாதானம் இல்லை. அறிந்த அன்பர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

வெட்டுமுன் கதவு இடைவெளிகளில் குறுக்குச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தான். இல்லாவிட்டால் உடல் வளைந்து, பிறகு கதவே மூடாதாம். அவன் இரும்பு தைத்த அந்த வாரங்களில் நான் துணி தைத்தேன். பழைய உறைகளைத் தையல் பிரித்து, அவற்றையே மாதிரியாக வைத்துக் கட்டம் போட்ட துணியை வெட்டினேன். துணிக்கும் நூலுக்கும் ஆன 38 பவுண்டு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. கூட்டினால் 3,988.

நான் ஊருக்குத் திரும்பியபோது வண்டி ஓடவில்லை. 2024 ஜூனில்தான் ஓடியது. வாரத்திற்கு ஒருமுறை பேசும்போது, இடப்பக்க இருக்கையில் என் தையல் ஒன்று கோணலாக விழுந்ததே, அது பிரியாமல் இருக்கிறதா என்று இன்றும் கேட்கிறேன். "தையலுக்கு ஒன்றுமில்லை அம்மா. முன்மூட்டுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேளுங்கள்" என்கிறான் அவன்.