மவுத்தான மண்ணிலேயே

வளைகுடாவில் ஒருவர் மவுத்தானால், மையித்தை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே நம் வீடுகளில் எழும் முதற்குரல். பெற்றவள் முகம் பார்க்கத் துடிப்பதை நாம் குறை கூறோம். ஆனால் மையித்தின் ஹக்கு என்ன? மரணச் சான்றிதழ், பாஸ்போர்ட் ரத்து, தூதரக அனுமதி, உடல் கெடாதிருக்க மருந்தேற்றுதல் என நாட்கள் கழிகின்றன. கபுறுஸ்தானும் ஜனாஸா தொழ ஜமாஅத்தும் அங்கேயே இருக்க, இது எதற்கு?

ஹிஜ்ரி 3-ல் உஹதில் ஷஹீதானவர்களை மதீனாவுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது, வீழ்ந்த இடத்திலேயே அடக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மக்காவுக்குச் சுமந்துவரப்பட்ட சகோதரரின் கபுறருகே நின்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், தாம் உடனிருந்திருந்தால் இறந்த இடத்திலேயே அடக்கம் நடந்திருக்கும் என்றார்கள்.

அங்கே அடக்க வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். அது போய்ச் சேரும்வரை மையித்து குளிரறையில் கிடக்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் ஊரிலேயே காயிப் ஜனாஸா தொழுதுகொள்ளலாம்.